தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று

மாங்கூழ் ஆலையின் பின்பக்கம்
காற்றூட்டும் தொட்டி.
சீசன் முடிந்து மூன்று மாதம்.
கொட்டைகூட மிச்சமில்லாத அக்டோபரில்
திம்மராயன் அதற்குச் சோறு போடுகிறார்:
பாலக்கோட்டு வெல்லம் அரை மூட்டை,
சாணிக் கரைசல் நாலு பக்கெட்,
யூரியா கை அளவு.
"பட்டினி போட்டா செத்துரும் மேடம்.
மே மாசம் லாரி வரிசையா நிக்கும்போது
யாரு திங்கறது அவ்வளவு புளிப்பையும்?"

அளவுக் குடுவையில் ஒரு லிட்டர் மொண்டு
நிழலில் வைத்தார்.
பழுப்புத் திரை மெல்ல இறங்கி
அரை மணியில்
முந்நூற்றைம்பதில் நின்றது.
"நல்லா இருக்கு" என்றார்,
காய்ச்சல் விட்ட பிள்ளையின்
கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர் போல.

ஐஸ் பெட்டி மடியில்,
காவேரிப்பட்டணத்திலிருந்து தருமபுரி பஸ்.
பக்கத்து சீட்டுப் பெண்
இரண்டு முறை முந்தானையால் மூக்கைப் பொத்தி
மூன்றாம் முறை கேட்டாள்: "கருவாடா?"

பத்தில் ஒன்று, அதில் பத்தில் ஒன்று,
ஆறு முறை நீர்த்துத் தட்டில் பரப்பினேன்.
முதல் இரண்டு நாளில் முளைத்தவை
எல்லாம் தெரிந்த முகங்கள்.
ஒன்பதாம் நாள்
கழுவ எடுத்த தட்டின் ஓரத்தில்
கடுகில் கால்வாசி,
பெங்களூராக் கதுப்பின் மஞ்சள்.

பெராக்சைடு சொட்டில் நுரைத்தது.
நாற்பத்திரண்டு டிகிரி தாங்கியது,
நாற்பத்தைந்தில் முடியாது என்றது.
வெல்லம் கொடுத்தேன், அவசரப்படவில்லை.
ஒன்றுமே கொடுக்காமல்
அலமாரியில் வைத்த குப்பியில்
நூறு நாள் கழித்தும்
உயிரோடிருந்தது.

மரபணு வரிசை வந்த இரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் ஒப்பிட்டேன்.
உலகம் இதுவரை பெயரிட்டவற்றில்
மிக நெருங்கிய சொந்தத்துடன் ஒற்றுமை
தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று.
தொண்ணூற்றெட்டரைக்குக் கீழே போனால்
வேறு இனமாக இருக்கலாம்.
இருக்கலாம் என்பதை இருக்கிறது ஆக்க
பதினான்கு மாதம் ஆனது.
அதில் இரண்டு மாதம்
ஒரு ரசாயனத்துக்குக் கொட்டேஷன் வாங்க.

அப்புறம் பெயர்.
ஊர்ப் பெயரை வைக்கலாம் என்றேன்.
மேனேஜர் அன்வர் பாஷா கையெடுத்துக் கும்பிட்டார்:
"ஏற்றுமதி ஆர்டர் இருக்கும்மா.
நெட்டுல எங்க ஊரைத் தேடினா
மாம்பழத்துக்கு முன்னாடி
கிருமி வரணுமா?"

திம்மராயனிடம் போனேன்.
உங்கள் பெயரை வைக்கட்டுமா?
கொஞ்ச நேரம் ப்ளோயர் மட்டும் பேசியது.
"பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம் மேடம்.
சேத்துப் பூச்சிக்கு எம் பேரா?"
வால்வைத் திருகிவிட்டு வந்தார்.
"நோய் குடுக்குமா அது?"
இல்லை.
"அப்ப என்னதான் பண்ணும்?"
பசி தாங்கும்.
"அதையே வைங்க."

லத்தீனில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது.
ஆண்பாலா பெண்பாலா என்று
யாரோ ஒரு நிபுணர் மூன்று கடிதம் எழுதினார்.
உறையவைத்து உலர்த்திய குப்பிகள்,
விதிப்படி இரண்டு நாடுகளுக்கு:
ஒன்று புனேயில், ஒன்று ஜெர்மனியில்.
எனக்கு இன்னும் பாஸ்போர்ட் இல்லை.

கட்டுரை அச்சான வாரம் மே.
நெடுஞ்சாலை வரை லாரிகள்.
தொட்டி புளித்துப் பொங்க
திம்மராயன் முழங்கால் வரை நுரையில்.
கையைச் சட்டையில் துடைத்து
கடைசிப் பக்கத்தை வாங்கினார்.
நன்றி என்ற இடத்தில் தன் பெயரைக் கண்டுபிடித்து
எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

நான்கு பேர் திருத்தியிருந்தோம்.
நான்கு பேரும் லத்தீனைத்தான் பார்த்தோம்.

"பரவால்ல விடுங்க" என்று
காகிதத்தைத் திருப்பித் தந்து
நுரைக்குள் இறங்கினார்.
"அதோட பேரையாவது
சரியாப் போட்டீங்களா?"